கார்க் கதவு திடீரென்று திறந்தால்: யாழ்ப்பாண வீதிகளில் சைக்கிள் ஓடுபவர்களுக்கு

பலாலி வீதியால் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வரும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "கந்தர்மடம் பக்கத்தில் என் சிநேகிதிக்குக் கார்க் கதவு அடித்துக் கை முறிந்துவிட்டது. நிறுத்தியிருந்த கார்தான், அவள் பக்கத்தில் போகும்போது திறந்துவிட்டார்கள். இதை எப்படித் தவிர்ப்பது? நான் மெதுவாகவும் கரையோடும்தான் ஓடுகிறேன், அது போதாதா?"

தங்கச்சி, மெதுவாக ஓடுவது நல்ல பழக்கம், அதை விடவேண்டாம். கரையோடு ஓடுவதைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "கரையாலே போ பிள்ளை" என்று வீட்டில் எல்லோரும் சொல்லித்தான் வளர்த்தார்கள். வெறும் வீதியில் அது சரியான புத்திமதி. வாகனங்கள் வரிசையாக நிற்கும் வீதியில் அந்தக் கரை கதவு திறபடும் இடமாகிவிடுகிறது. அதற்குள்ளே ஓடினால், முன்பின் தெரியாத ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார் என்று நம்பி ஓடுகிறீர்கள். பெரும்பாலானவர்கள் பார்ப்பார்கள். பார்க்காத ஒருவர் போதும்.

முதலில், இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன, சாரதி வலப்பக்கம் இருக்கிறார். இடது கரையில் நிறுத்தினால் சாரதியின் கதவும் அவருக்குப் பின்னாலுள்ள கதவும் வீதிப் பக்கமாக, நீங்கள் வரும் பாதைக்குள் திறக்கும். சாதாரண கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீற்றர் வெளியே வரும். நீங்கள் நேராகக் கதவில் போய் இடித்தால் அடிபடும், விழுவீர்கள். அதைவிட மோசமானது, கதவின் ஓரம் உங்கள் ஹாண்டிலின் இடது நுனியை மட்டும் தட்டுவது. நுனி பின்னுக்குத் தள்ளுப்பட, முன்சில்லு இடப்பக்கம் மடங்கும், நீங்கள் வலப்பக்கமாக, வீதியின் நடுவே போய் விழுவீர்கள். அந்த நேரத்தில் பின்னால் ஒரு பஸ்ஸோ டிப்பரோ வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதவு எலும்பை முறிக்கும். உயிருக்கு வரும் ஆபத்து பின்னால் வரும் வாகனத்தால்தான் கூட.

"கவனமாகப் பார்த்து ஓடினால் பிறேக் பிடித்துவிடலாம்தானே?" என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது வகுப்புக்கு நேரமாகிவிட்டால் எல்லோரும் ஓடும் வேகத்தில், ஒரு செக்கனுக்கு ஐந்தரை மீற்றருக்கு மேல் போகிறீர்கள். கதவு அசைவதைக் கண்டு கை பிறேக்கை அழுத்த ஒரு செக்கன் என்று வைத்தால், அதற்குள் ஒரு கார் நீளம் கடந்துவிடும். பிறகு நல்ல பிறேக் உள்ள சைக்கிள் காய்ந்த தாரில் நிற்க இன்னும் நாலு மீற்றர் அளவில் வேண்டும். மொத்தம் ஒன்பது, பத்து மீற்றர், அதாவது இரண்டு கார் நீளம். கதவோ நீங்கள் அந்தக் காரின் பின் பம்பரைத் தாண்டிய பிறகும் திறக்கலாம். ஆகவே கண்ணையும் பிறேக்கையும் மட்டும் நம்பி இதிலிருந்து தப்ப முடியாது. எந்தக் கோட்டில் ஓடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தால்தான் தப்பலாம்.

அந்தக் கோடு எது? ஹைவே கோட் என்னும் பிரித்தானிய வீதி விதிக்கோவை, நிற்கும் வாகனங்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலமோ ஒரு மீற்றரோ இடைவெளி விடச் சொல்கிறது. அங்கேயும் நம்மைப்போல இடப்பக்க ஓட்டம் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஒரு மீற்றரை உங்கள் சில்லிலிருந்து அளக்கக் கூடாது, ஹாண்டிலின் இடது நுனியிலிருந்து அளக்க வேண்டும். லுமாலா போன்ற சைக்கிள்களின் ஹாண்டில் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம், பாதி உங்கள் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே சில்லு காரிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீற்றர் தள்ளி ஓட வேண்டும். ஹாண்டிலில் பையைத் தொங்கவிட்டாலோ கரியரில் அகலமான சாமான் கட்டினாலோ அதற்குமேல். ஓடும்போது யாரும் நாடா வைத்து அளக்கப் போவதில்லை. இடது கையை முழுதாக நீட்டினாலும் காரைத் தொட முடியாது, இன்னும் இரண்டு சாண் இடைவெளி இருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், அந்தக் கோட்டுக்கு எப்போது போவது என்பதும் முக்கியம். காரின் பின்பக்கத்துக்கு வந்தபிறகு சட்டென்று வலப்பக்கம் வெட்டினால், கதவிலிருந்து தப்பிப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளில் மாட்டுவீர்கள். வாகன வரிசை தூரத்தில் தெரியும்போதே, நாலைந்து கார் நீளத்துக்கு முன்பே, வலது தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இடம் இருந்தால் வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு மெல்ல விலகுங்கள். பிறகு வரிசை முடியும்வரை அதே கோட்டில் நேராக ஓடுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே இடைவெளி கண்டதும் கரைக்குள் நுழைந்து, அடுத்த காருக்கு முன்னால் வெளியே வருவது நம் ஊரில் எல்லோரிடமும் உள்ள பழக்கம். பின்னால் வருபவருக்கு இடம் விடும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கரைக்குள் போன நேரத்தில் பின்னால் வருபவர் உங்களை மறந்துவிடுகிறார், வெளியே வரும்போது அவருக்கு அது புதிதாக ஒருவர் குறுக்கே வந்த மாதிரித்தான். பத்துப் பதினைந்து கார் நீளத்துக்கு வெற்றிடம் இருந்தால் மட்டும் கரைக்குப் போய் வழிவிடுங்கள்.

இப்போது உங்கள் மனதில் வரும் கேள்வி எனக்குத் தெரியும்: கஸ்தூரியார் வீதியில் ஒன்றரை மீற்றருக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஆறு மீற்றர் அகலமுள்ள ஒரு வீதியை எடுங்கள். நிற்கும் கார் ஒன்றேமுக்கால் மீற்றரை விழுங்கிவிடும். அதற்கப்பால் ஒன்றரை மீற்றர் விட்டால் நீங்கள் நடுக்கோட்டையும் தாண்டிவிடுவீர்கள். எதிரே வரும் பஸ்ஸின் அகலமே இரண்டரை மீற்றர். ஆக, வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ளதை இங்கே எல்லா வீதியிலும் அப்படியே செய்ய முடியாது. இடம் இல்லாத வீதியில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. மணிக்கு 10 கிலோமீற்றருக்கு வந்துவிட்டால், மேலே சொன்ன அதே கணக்கில் நாலு மீற்றருக்குள், ஒரு கார் நீளத்துக்குள் நின்றுவிடலாம். அப்படியும் மோதினாலும், வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். 10 கிலோமீற்றர் என்பது பக்கத்தில் ஒருவர் மெல்ல ஓடிக்கொண்டு கூடவே வரக்கூடிய வேகம். விரல்கள் இரண்டு பிறேக்கிலும் இருக்கட்டும்.

பின்னால் ஹோர்ன் அடித்தால்? இந்த இடத்தில்தான் பயத்தில் பலர் கதவுப் பக்கமாக ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டாம். கொஞ்சத் தூரம் உங்கள் கோட்டிலேயே போங்கள், பின்னால் வருபவர் சில செக்கன் பொறுப்பார். பொறுக்கமாட்டார் என்று தோன்றினால், அல்லது பஸ் மிகக் கிட்ட வந்துவிட்டால், வாகனங்களுக்கு நடுவே இடைவெளி கண்ட இடத்தில் முழுதாக நின்று, காலை ஊன்றி அதைப் போகவிடுங்கள். ஓடிக்கொண்டே நெருக்கிப் போவதுதான் ஆபத்து. இதை உங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹோர்ன் அடித்து வெருட்டுவது அவர்களைத்தான் கூட நடக்கிறது. வீதியில் உங்களுக்குத் தேவையான இடத்தை எடுப்பது மரியாதைக் குறைவு இல்லை.

இடம் போதாத நேரத்தில் எந்தக் கதவு திறக்கும் என்று ஊகிக்கப் பழகுவதும் உதவும். இப்போதுதான் வந்து நின்ற வாகனம்தான் முதல் சந்தேகம். பிறேக் லைற் அணைகிறது, சிக்னல் நிற்கிறது, எஞ்சின் சத்தம் ஓய்கிறது என்றால் அடுத்து ஆள் இறங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கண்ணாடியால் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தலை தெரிகிறதா, பக்கக் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். முன்சில்லுகள் வலப்பக்கம் திரும்பியிருந்தால், கதவுக்குப் பதில் காரே வெளியே வரலாம். இரவில் காருக்குள் லைற் எரிந்தால் யாரோ இறங்கத் தயாராகிறார்கள். பக்கக் கண்ணாடிகள் மடிந்திருந்தால், முன்கண்ணாடிக்குள் வெயில் மறைப்பு விரித்திருந்தால், பெரும்பாலும் ஆள் போய்விட்டார். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கறுப்புக் கண்ணாடி ஒட்டிய வாகனத்தில் இவை ஒன்றும் தெரியாது, அதற்குள் ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கார்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டு யாராலும் ஓட முடியாது என்பதால் இதை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். இடைவெளி கிடைக்கிற வீதியில் இந்தச் சோதனை எதுவும் தேவைப்படாது.

இடத்துக்கு இடம் ஆபத்தும் மாறும். ஆஸ்பத்திரி வீதியில் போதனா வைத்தியசாலைக்கு அண்மையில் நோயாளியைக் கொண்டுவந்து இறக்குபவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள், கதவை அகலத் திறந்து, திறந்தபடியே வைத்திருப்பார்கள். அவர்களிடம் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அந்தத் துண்டில் இறங்கி உருட்டிக்கொண்டு போனாலும் இரண்டு நிமிடம்தான் செலவு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட, வாகனங்கள் எல்லாம் வெளிவீதிகளிலும் ஒழுங்கைகளிலும் வந்து நிறைகின்றன. வழக்கமாக வெறிச்சென்று கிடக்கும் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கார் நிற்கும்.

திருவிழாக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே என்று வலப்பக்க ஓட்டமுள்ள நாடுகளிலிருந்து வரும் நம் உறவினர்கள், அங்கே வலப்பக்கக் கதவால் நடைபாதையில் இறங்கிப் பழகியவர்கள். அங்கே வலப்பக்கம்தான் பாதுகாப்பான பக்கம். இங்கே வந்து வாடகைக் காரின் பின்சீற்றில் இருந்து அதே பழக்கத்தில் வலக் கதவைத் திறந்தால், அது நேரே வீதிக்குள் திறக்கும். அவர்கள் அசட்டையானவர்கள் இல்லை, உடம்பில் ஊறிய பழக்கம் அப்படி. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு முதல் நாளே இதை அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

இடப்பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாகனங்கள் நெரிசலில் நிற்கும்போது அவற்றுக்கும் கரைக்கும் நடுவால் நுழைந்து முன்னே போவது சைக்கிளுக்கு வசதி. ஆனால் பள்ளிக்கூடம் விடும், தொடங்கும் நேரங்களில் தாய் தகப்பன் நெரிசலிலேயே நிறுத்தி "இறங்கு, இறங்கு" என்பார்கள், பிள்ளை இடக் கதவைத் தள்ளிக்கொண்டு குதிக்கும். வேன்களின் இழுவைக் கதவும் இடப்பக்கம்தான், கதவு வெளியே நீட்டாது, ஆனால் ஆள் நேரே உங்கள் முன்னே இறங்குவார். பஸ் கரையைவிட்டுத் தள்ளி நின்றாலும் அதற்கும் கரைக்கும் நடுவால் ஒருபோதும் போகவேண்டாம். ஓட்டோவுக்குக் கதவே இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. சாரதி வலப்பக்கமாகக் காலை வெளியே வைத்த பிறகுதான் தெரியும். தரிப்பிடத்தில் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களையும் கதவுள்ள வாகனம்போலவே எண்ணி விலகி ஓடுங்கள்.

மழைக்கு ஒரு தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில்லின் உருக்கு விளிம்பு நனைந்துவிட்டால் பிறேக் கட்டை வழுக்கும். பழைய சைக்கிள்களில் இது மிக மோசம், நிற்க எடுக்கும் தூரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். மழையில் கார்க்காரரும் நீராவி படிந்த கண்ணாடியால் உங்களைச் சரியாகக் காணமாட்டார், நனையாமல் ஓடிவிட வேண்டும் என்று கதவை விரைவாகத் தள்ளுவார். வாகனங்களுக்கு அருகே போகுமுன் பிறேக்கை இரண்டு மூன்று முறை மெல்லத் தொட்டு விளிம்பின் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் பின் லைற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது வேண்டும்தான், ஆனால் கதவு விஷயத்தில் உங்களைக் காப்பது முன் லைற். இறங்கப் போகிறவர் பக்கக் கண்ணாடியில் பார்ப்பது உங்கள் முன்பக்கத்தை. டைனமோ லைற் மெதுவாகப் போகும்போது மங்கிவிடும், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மங்கும். ஹாண்டிலில் பூட்டும் சின்னப் பற்றரி லைற் ஒன்று வாங்கி, மாலை மங்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். மணி அடிப்பதை நம்ப வேண்டாம், கண்ணாடி ஏற்றி ஏசி போட்டிருக்கும் காருக்குள் அது கேட்காது.

சரி, எல்லாம் செய்தும் கதவு முன்னால் திறந்துவிட்டது. என்ன செய்வது? இரண்டு பிறேக்கையும் ஒன்றாகப் பிடித்து, சைக்கிளை நேராக வைத்து, வாய்விட்டுக் கத்துங்கள். சிலர் கத்தலைக் கேட்டுக் கதவை இழுத்துக்கொள்வார்கள். உடம்பு தானாகவே வலப்பக்கம் வெட்டச் சொல்லும். பின்னால் ஒன்றும் இல்லை என்று சில செக்கனுக்கு முன் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள். தெரியாவிட்டால் கதவில் மோதுவதே மேல். பஸ்ஸின் முன்னே விழுவதோடு ஒப்பிட்டால் கதவில் மோதிய காயம் ஆறக்கூடியது. அடிக்கடி திரும்பிப் பார்த்து, பின்னால் என்ன வருகிறது என்று எப்போதும் தெரிந்து வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். தலைக்கவசம் போடுவதும் நல்லது, சைக்கிளுக்கு யார் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், விழும்போது தலை தாரில் படும்.

விழுந்தால் முதலில் வீதியை விட்டு விலகுங்கள், எழும்ப முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவர்களை வாகனங்களை மறிக்கச் சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம், கட்டணம் இல்லை. வாகன இலக்கத்தையும் கதவு திறந்திருக்கும் நிலையையும் படம் எடுக்கச் சொல்லுங்கள், பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது உதவும். "ஒன்றுமில்லை அண்ணா" என்று வெட்கத்தில் எழும்பிப் போகிறவர்கள் பலர். ஹாண்டிலின் நுனி வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும், கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். ஈரலோ மண்ணீரலோ உள்ளே காயப்பட்டிருந்து, சில மணி நேரம் கழித்துத்தான் வலியும் தலைச்சுற்றும் தெரியவரலாம். ஹாண்டில் நுனியில் இறப்பர்ப் பிடி கழன்று வெறும் குழாய் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மலிவான சாமான்தான், உடனே மாட்டிவிடுங்கள்.

இவ்வளவையும் சைக்கிள்காரரிடமே சொல்கிறோமே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் கதவைத் திறப்பது அவர் இல்லை. மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்யாமல் வாகனக் கதவைத் திறக்கவோ, திறந்தபடி விடவோ, இறங்கவோ கூடாது என்று 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. பொறுப்பு இறங்குகிறவருடையது. ஆகவே கார் வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டோவிலும் காரிலும் ஏறும் எல்லோருக்கும் இது.

வலப்பக்கக் கதவைத் திறக்க வலது கையைப் பாவிக்காமல், இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் திறவுங்கள். அப்படிச் செய்யும்போது தோள் திரும்பும், தோளோடு தலையும் திரும்பும், கண்ணாடியும் பின்னால் வருகிற சைக்கிளும் தானாகவே கண்ணில் படும். நெதர்லாந்தில் நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ள முறை இது, பிரித்தானிய விதிக்கோவையிலும் 2022 ஜனவரியில் சேர்த்துவிட்டார்கள். இடப்பக்கம் இருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும். கதவை முதலில் கொஞ்சம் மட்டும் திறந்து, ஒரு கணம் பொறுத்து, பிறகு முழுதாகத் திறவுங்கள். இறங்கியதும் சாத்திவிடுங்கள், திறந்த கதவோடு நின்று பின்சீற்றுப் பையைத் தேட வேண்டாம். முடிந்தால் பின்சீற்றில் இருப்பவர்கள் எல்லோரும் இடப்பக்கத்தாலேயே இறங்கட்டும், அதற்கும் பின்னால் பார்த்துவிட்டு.

பிள்ளைகளோடு போகும் பெற்றோர் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. பெரும்பாலான கார்களின் பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்த்தால், பூட்டுக்கு அருகே ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை மாற்றிவிட்டால் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, வெளியிலிருந்து மட்டுமே திறக்கலாம். இரண்டு பின்கதவுக்கும் தனித்தனி நெம்பு இருப்பதால், வலப்பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு இடப்பக்கத்தை விட்டுவைக்கலாம். சில கார்களில் அதைத் திறப்பின் நுனியால் திருப்ப வேண்டியிருக்கும். மாற்றியபிறகு ஒருவர் உள்ளே இருந்து வலக் கதவை இழுத்துப் பார்க்கட்டும், திறக்காவிட்டால் சரி.